கழுத்துக்குள் ஒரு பொய் கால்

ஜூலை 6

நாட்டு மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கப்படுவது: இன்று காலை பல் துலக்கும் வேளையில், தென்காசி தீயணைப்புக் குடியிருப்பைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவர் கோமதிநாயகத்தின் இடது முழங்காலுக்குக் கீழே அரிப்பு ஏற்பட்டது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. தீ வண்டிகள் அனுப்பப்படவில்லை. மாணவர் சொறிந்தார். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது.

அந்த மாணவன் அடியேன். இந்த டைரி அப்பாவின் தீயணைப்பு நிலையத்துக்கு ஏதோ ஒரு கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'எச்சரிக்கையே பாதுகாப்பு' என்று அச்சடித்திருக்கிறது. பாதி வருடம் மேசையில் கிடந்து வீணாகிவிட்டது. மீதியை நான் வீணாக்குகிறேன்.

ஜூலை 9

அரிப்பு வலது காலுக்கும் இரண்டு கைகளுக்கும் பரவியது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, கொசு கடித்த அடையாளம்கூட இல்லை. ஆகவே இது அரிப்பு அல்ல. சதி.

முன்கதைச் சுருக்கம்: பள்ளி திறந்த வாரம் என் உயிர் நண்பன் மசூதின் பெஞ்சில் பூனைக்காலிக் காயின் சுனையைத் தூவினேன். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடி. பட்ட இடம் பற்றி எரியும். இயற்பியல் சார் 'அலைவு இயக்கம்' நடத்திக்கொண்டிருந்தார். "எல்லாரும் மசூதப் பாருங்க. அந்தப் பக்கம் போறான், இந்தப் பக்கம் வாரான். இதுதான் அலைவு" என்றார். அன்று சாயங்காலம் மசூது என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ஒரு நா ஒனக்கும் இருக்குல."

அந்த நாள் வந்துவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 14

குற்றவாளியை நேரடியாக விசாரித்தேன்.

"ஏல, எம் பைக்குள்ள என்னத்தப் போட்ட?"

"ஒன் பைக்குள்ள நீயே புஸ்தகம் போட மாட்ட. நான் என்னத்தப் போட?"

"நடிக்காத. கால்ல இருந்து தல வர அரிக்கு."

"குளிச்சிப் பாத்தியா?"

அப்பாவி முகம். கைதேர்ந்தவன். என்னிடம் பயின்றவன் அல்லவா.

ஜூலை 20

அறிவியல் சோதனை. இடைவேளையில் கழிப்பறைக்குள் வைத்து என் சட்டையை மசூதுக்குப் போட்டுவிட்டு, அவன் சட்டையை நான் போட்டுக்கொண்டேன். சுனை என் சட்டையில் இருந்தால் அவன் துள்ள வேண்டும். மதியம் முழுக்க அவன் அசையாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டான். நான் அவன் சட்டைக்குள் இருந்து துள்ளினேன்.

முடிவு: தன் சட்டையிலும் அவனே தூவி வைத்திருக்கிறான். அவன் தோல் பழகிவிட்டது.

அம்மா என் துணிகளை எல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்துவிட்டாள். வேப்பிலை போட்டுக் குளித்தேன். தெருமுனை டாக்டர் ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்தார். தூக்கம்தான் வந்தது. தூக்கத்திலும் சொறிந்தேனாம்.

ஜூலை 27

காலையில் எழுந்தபோது படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏல, ஒனக்குப் பதினாறு வயசு."

"செம்பு கவுந்துட்டும்மா."

செம்பு கவிழவில்லை. அது வியர்வை. பனியன் பிழியும் அளவுக்கு வியர்வை, அதுவும் மின்விசிறி ஓடும்போது. ஆனால் வியர்வை என்றால் காய்ச்சலா என்பார்கள், காய்ச்சல் என்றால் ஊசி என்பார்கள். செம்பைக் கவிழ்த்தவன் என்ற பெயரே போதும்.

ஆகஸ்ட் 2

அம்மா ரேஷன் கடையில் விற்பனையாளர். இன்று மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னைப் பிடித்து அரிசி மூட்டை நிறுக்கும் எடை மேடையில் ஏற்றினாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போன தடவை நின்றதற்கு ஏழு கிலோ குறைவு.

"ரேஷன் கடைத் தராசுல எடை கொறையறது புதுசாம்மா?" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு ஆச்சி கைதட்டினாள். அம்மா சிரிக்கவில்லை. சர்க்கரை நிறுக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டாள். அம்மா சிந்தவே மாட்டாள்.

ஆகஸ்ட் 9

தினமும் சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வருகிறது, சரியாக டியூஷன் நேரத்துக்கு. புத்தியுள்ள காய்ச்சல்.

ஆகஸ்ட் 13

போர் மூண்டது. மைதானத்தில் மசூதிடம் போய், உண்மையை ஒப்புக்கொள் என்றேன். ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை என்றான். தள்ளினேன். அவன் தள்ளினான். எப்போதும் அவனைக் கீழே போட்டு மேலே உட்காருகிறவன் நான். இன்று மூச்சு வாங்கியது. அவன் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நிறுத்திவிட்டான்.

"ஏல, என்னது இது? கழுத்துல நெல்லிக்கா வச்சிருக்க?"

தொட்டுப் பார்த்தேன். காறை எலும்புக்கு மேலே, இடப் பக்கம். நெல்லிக்காய் இல்லை, பந்து போல. வலி இல்லை. அமுக்கினால் ரப்பர் மாதிரி வழுக்கியது.

"ஒனக்குப் பொறாமை. எனக்குத் தசை வளருது" என்றேன்.

மசூது காலரை விட்டான். பையை எடுத்துக்கொண்டு பாதி வகுப்பில் கிளம்பி நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டான். துரோகி. அப்பா சீருடையோடே பள்ளிக்கு வந்துவிட்டார். எங்கே தீ என்று ஹெட்மாஸ்டர் வாளி மணலோடு வெளியே ஓடிவந்தார்.

ஆகஸ்ட் 14

"நெறி கட்டியிருக்கு" என்றார் டாக்டர்.

எங்கள் ஹெட்மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஒனக்கு நெறிங்கறதே கெடையாதுல" என்பார். இப்போது இருக்கிறது. நெறி தவறியவனுக்கு நெறி கட்டிவிட்டது. சான்றிதழ் வாங்கிக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, நெறி மூன்றையும் கேட்டுவிட்டு, காசநோயாக இருக்கலாம் என்று சளியைச் சோதித்தார்கள். இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 26

திருநெல்வேலியில் கட்டியை அப்படியே எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபோது நான் அசையவே இல்லை. பாராட்டிய நர்சிடம், "எங்கப்பா தீக்குள்ள நடக்கிறவர். எங்க பரம்பரைக்கே பயம்னா என்னன்னு தெரியாது" என்றேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெருமையாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 4

முடிவு வந்தது. முழுதாக எழுதி வைக்கிறேன்.

டாக்டர் ஜெபசெல்வி குள்ளமாக, கணீரென்று பேசுகிறவர். ஒரு காகிதத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இது ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்துல ஒண்ணு. நிணநீர்ல வர்றது. அதுல ரெண்டு பிரிவு இருக்கு. ஹாட்ஜ்கின், நான்-ஹாட்ஜ்கின்."

புற்று என்ற சொல்லுக்கு அப்புறம் அறையில் யாரும் அசையவில்லை. அம்மா மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. யாராவது ஏதாவது பேசியாக வேண்டும்.

"அப்ப நான் நான்-ஹாட்ஜ்கினா, டாக்டர்?"

"இல்ல. நீ நான் இல்ல."

"நான் நான் இல்லையா?"

"நீ வெறும் ஹாட்ஜ்கின்தான்" என்றவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மருந்துக்கு நல்லாவே கேக்கும். உன் வயசுக்காரங்கள்ல பெரும்பாலானவங்க குணமாகி வீட்டுக்குப் போயிருக்காங்க."

ஞானிகள் மலை மலையாக ஏறிப் பட்டினி கிடந்து தேடிய 'நான் இல்லை' என்ற நிலை எனக்கு ஓ.பி. சீட்டிலேயே கிடைத்துவிட்டது.

அம்மாதான் முதலில் கேள்வி கேட்டாள். "கட்டி கழுத்துலல்லா இருக்கு டாக்டரம்மா? உடம்பு பூரா ஏன் அரிக்கு? காய்ச்சலு, வேர்வை எல்லாம் எதுக்கு?"

"அது அழற்சிம்மா."

"அழுகாச்சியா? இவன் அழவே மாட்டானே."

"அழற்சி. காயம் பட்டா அந்த இடம் செவந்து, சூடாகி, வீங்குதுல்ல. அது உடம்போட காவல் அணுக்கள் வந்து சண்டை போடுற சூடு. அதுக்குப் பேரு அழற்சி." காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே நிறையப் புள்ளிகள் வைத்தார். ஒரே ஒரு புள்ளியை மட்டும் பெரிதாக்கினார். "இவன் கட்டியில நூறு அணு இருந்தா, புற்று அணு ஒண்ணோ ரெண்டோதான். மிச்சம் எல்லாம் இவனோட காவல் அணுக்களே."

"பொறவு ஏன் அந்தக் காவல் அணுவெல்லாம் இத அடிக்கல?" என்றார் அப்பா.

"அதான் விஷயம். இந்தப் பெரிய அணு சும்மா இருக்காது. 'ஆபத்து, வாங்க'ன்னு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். ரசாயன சிக்னல். அதக் கேட்டு இவங்க கூட்டமா வந்துருவாங்க. வந்து பாத்தா, அது ஒரு அடையாள அட்டை மாதிரி ஒண்ணக் காட்டும். 'நான் உங்க ஆளுதான்.' இவங்களும் அடிக்காம நிப்பாங்க. நிக்கிறதோட போகாது, தெரியாமலே அதுக்கு ஊட்டம் குடுத்து வளப்பாங்க. அது இந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒளிஞ்சுக்கும். அந்த சிக்னல் ரத்தத்துலயும் கலந்து ஓடுதுல்ல, அதனாலதான் காய்ச்சல், வேர்வை, மெலிவு. அரிப்பும் பெரும்பாலும் அதோட வேலைதான்."

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"பொய் கால்" என்றார்.

"என்னது?"

"எங்க ஸ்டேஷனுக்கு வரும் டாக்டரம்மா. தீப்பிடிச்சிட்டுன்னு எவனாவது போன் அடிப்பான். இருக்கிற வண்டி பூரா மணியடிச்சிக்கிட்டுப் போவோம். அங்க தீயும் இருக்காது, ஒண்ணும் இருக்காது. ரோடுதான் அடைச்சிக்கிட்டு நிக்கும். போன் அடிச்சவனும் கூட்டத்தோட கூட்டமா நின்னு வேடிக்க பாப்பான்."

"சரியாச் சொன்னீங்க. இவன் என்ன பண்றான்னா, உங்க யூனிபார்மையும் போட்டுக்கிட்டு நிக்கிறான்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. உலகத்தில் அப்பா வெறுக்கிற ஒரே ஜாதி பொய் கால் அடிக்கிறவர்கள்தான். எவ்வளவோ சேட்டை செய்திருக்கிறேன், 101-ஐ மட்டும் தொட்டதில்லை. அந்த ஒன்றில் எனக்கும் நெறி உண்டு, கழுத்தில் கட்டுவதற்கு முன்பே.

திரும்பி வரும்போது அப்பா பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவது போல நடித்தார். அப்பாவுக்கு நடிக்கத் தெரியாது.

செப்டம்பர் 5

யோசித்துப் பார்த்தால் அவமானமாக இருக்கிறது. இந்த ஊரின் முதல்தரச் சேட்டைக்காரன் நான். எனக்குள்ளேயே, என் சோற்றைத் தின்றுகொண்டு, என்னைவிடப் பெரிய சேட்டைக்காரன் ஒருவன் இத்தனை நாள் தொழில் நடத்தியிருக்கிறான். என் ஆட்களையே கூப்பிட்டு ஏமாற்றியிருக்கிறான். பொய்க்கால் குதிரை பார்த்திருக்கிறேன். பொய்க் கால் கழுத்தில் முளைத்து இப்போதுதான் பார்க்கிறேன்.

தொழில் பொறாமையில் சொல்கிறேன்: இவன் ஒழிய வேண்டும்.

செப்டம்பர் 12

முதல் மருந்து. நான்கு மருந்துகள், ஒன்றன்பின் ஒன்றாக நரம்பில். அதில் ஒன்று ரோஸ்மில்க் நிறம். "மூத்திரம் செவப்பாப் போகும், பயப்படாத" என்று நர்ஸ் என்னிடம் மட்டும் சொன்னார். நல்ல செய்தியை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவது என் வழக்கமல்ல.

அப்பா மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை வந்தார். "யப்பா, இங்க வந்து பாருங்களேன்" என்றேன். பார்த்தார். ஒரு சத்தமும் போடாமல் ஓடினார். அத்தனை பெரிய ஆள் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே, "இவன்ட்ட அப்பவே சொன்னேனே சார்" என்றார்.

101-க்கு அடிக்கவில்லை. எனவே விதிமீறல் இல்லை.

அப்பா திட்டவே இல்லை. கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 13

வாந்தி. மூன்று வேளையும். வேறு செய்தி இல்லை.

செப்டம்பர் 15

அரிப்பு நின்றுவிட்டது.

காலையில் எழுந்ததும் ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். கை சும்மா இருந்தது. விரிப்பு காய்ந்திருந்தது. ஒரே ஒரு தடவை மருந்து ஏறியதற்குள் போன் அடிக்கிறவனின் குரல் கம்மிவிட்டது போலிருக்கிறது. அம்மா என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதிய நகக்கீறல் ஒன்றுகூட இல்லை.

இதில் ஒரு சிறு சிக்கல். பூனைக்காலிச் சுனைக்கு ரத்தத்தில் ஏற்றும் மருந்து கேட்காது.

செப்டம்பர் 17

மசூது வந்தான். கூட்டத்தில் சேரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால் அவன் முகக்கவசத்தோடு வாசல் கேட்டுக்கு வெளியே நின்றான்.

"அரிப்பு நின்னுட்டாமே."

"ஆமா."

"அப்ப நான் போடல."

"நீ போடலன்னு நான் எப்பவோ கண்டுபிடிச்சிட்டேன்."

"எப்ப?"

"முந்தா நேத்து."

"சாரி கேளு."

"நான் தனித்தமிழுக்கு மாறிட்டேன். சாரி கெடையாது."

"வருந்துகிறேன்னு சொல்லு."

"நீ வருந்துதியா? பரவாயில்ல. மன்னிச்சிட்டேன், போ."

செருப்பைக் கழற்றி எறிந்தான். என் தலைக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் பட்டது. மசூது கல்லெறிந்தால் உச்சிக் கிளை மாங்காய் காம்போடு விழும். குறி தவறுகிற ஆள் இல்லை.

"எங்க உம்மா கஞ்சி குடுத்து விட்டாவ. ஒனக்கு வெளிச் சாப்பாடு ஆகாதாம்லா. நானே குடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு போனான்.

அக்டோபர் 3

தலையணையில் முடி. குளியலறையில் முடி. ரசத்தில் முடி. அப்பாவே நிலையத்தில் இருந்து கத்தரியும் ரேசரும் கொண்டுவந்து வழித்துவிட்டார்.

மொட்டைத் தலையோடு வாசலில் நின்றால் குடியிருப்பே கேட்கிறது. தபால்காரர், "எந்தக் கோயில் தம்பி?" என்றார். திருச்செந்தூர் என்றேன். பால்காரரிடம் பழனி. அடுத்த வீட்டு அத்தையிடம் இருக்கன்குடி. தண்ணீர் வண்டி ஓட்டும் மாமாவிடம் திருப்பதி என்று சொன்னதுதான் பிசகு. சாயங்காலம் அவர் தட்டோடு வந்து, "லட்டு எங்கக்கா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா கொல்லைப்புற வழியாகக் கடைக்கு ஓடி வாங்கி வந்து கொடுத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

"இனிமே யாரும் கேட்டா ஆசுபத்திரின்னு சொல்லித் தொலை" என்றாள் அம்மா.

"ஆசுபத்திரின்னா யாரும் பிரசாதம் கேக்க மாட்டாங்களேம்மா."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே என் மொட்டையில் கையை வைத்தாள். அப்படியே ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

அக்டோபர் 18

காலையில் உடம்பு சுட்டது. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: 101. எண்ணைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. அப்பாவின் தொலைபேசி எண்.

மருந்து ஏறும் நாட்களில் காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீபாவளி நெருங்கிவிட்டது. சொன்னால் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள். கொஞ்சம் யோசித்தேன். பிறகு அம்மாவிடம் போய் உண்மையான காய்ச்சலை உண்மையாகச் சொன்னேன். என் வாழ்நாளில் இது முதல் தடவை.

"வேற வெப்பமானி கொண்டா" என்றாள் அம்மா.

அக்டோபர் 20

தீபாவளி. ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

வெள்ளை அணு மிகவும் குறைந்துவிட்டதாம். மருந்து கெட்டவனையும் அடிக்கிறது, கூட நின்ற நல்லவனையும் அடிக்கிறது. "இப்ப நெசமாவே ஒரு கிருமி வந்தா அடிக்க ஆள் இல்ல. அதனாலதான் இந்த ஊசி" என்றார் டாக்டர் ஜெபசெல்வி.

பட்டாசு நாளில் தீயணைப்புக்காரருக்கு விடுப்பு கிடையாது. அப்பா வேலை முடிந்து சீருடையோடு, கந்தக வாடையோடு வந்தார். கதவுக்கு வெளியே நின்றபடி கேட்டார்.

"என்னவாம்?"

"கால் நெசமாம். ஸ்டேஷன்லதான் வண்டி இல்லையாம்" என்றேன்.

"வண்டி வரும்ல" என்றார் அப்பா. "வர வச்சிருவோம்."

அக்டோபர் 25

வண்டிகள் வந்துவிட்டன. அணுக்கள் ஏறிவிட்டன. வீடு. பாதி மருந்து மிச்சம் இருக்கும்போதே என் உடம்பு ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

நவம்பர் 6

இன்று பெரிய ஸ்கேன். கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, ஒரு அறையில் பேசாமல் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் பேசாமல். புற்று அணு பேராசையோடு சர்க்கரையைத் தின்னுமாம். எங்கெல்லாம் அது உயிரோடு இருக்கிறதோ அங்கெல்லாம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும்.

வெளிச்சம் இல்லை என்றால் பாக்கி மருந்தை இதே வழியில் முடித்துவிடலாம். வெளிச்சம் இருந்தால் இதைவிடக் கடுமையான மருந்து. அதற்கும் கேட்காவிட்டால் வேறு பாதைகள். டாக்டர் அவற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கவலையே இல்லை. முடிவு என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

நவம்பர் 8

வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள். டாக்டர் அழைத்தார். நான் முன்னால் நடந்தேன்; அம்மாவும் அப்பாவும் கோயில் யானைக்குப் பின்னால் வரும் மேளக்காரர்கள் போலப் பின்னால் வந்தார்கள். டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். "கோமதிநாயகம், உன் உடம்புல ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்ல. என் அனுபவத்துல இப்படி ஒரு தைரியசாலியப் பாத்ததில்ல" என்றார். நான் லேசாகத் தலையசைத்தேன். "தெரியும் டாக்டர்" என்றேன். அம்மா அழுதாள், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இருவரையும் தேற்றினேன்.

நவம்பர் 8, சாயங்காலம், பேருந்தில்

மேலே உள்ளதை யாரும் நம்ப வேண்டாம். அது காலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது. டாக்டர் அப்போது வந்திருக்கவே இல்லை. முதலிலேயே நல்லபடியாக எழுதி வைத்துவிட்டால், முடிவும் அதைப் பார்த்து நடந்துகொள்ளும் என்று ஒரு நினைப்பு.

நடந்தது இது. "கோமதிநாயகம்" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். வேறு ஏதோ ஒரு கோமதிநாயகம் இருப்பது போலச் சுற்றிலும் பார்த்தேன்.

"எந்திரில" என்றாள் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா. எனக்குக் கால் மரத்துட்டு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"நீ போயிட்டு வாளா. புள்ளைக்குத் தொணைக்கு ஆள் வேண்டாமா" என்றார்.

ரேஷன் வரிசையின் நடுவில் நுழைய வந்த இரண்டு பேரைப் பார்ப்பது போல அம்மா எங்களைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். கதவு மூடியது.

"யப்பா, தீக்குள்ள எல்லாம் போறீங்க. இதுக்குள்ள போக மாட்டீங்களா?"

"அங்கன்னா எங் கையில தண்ணி ஓஸ் இருக்கும்ல" என்றார் அப்பா.

இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து எங்கள் முன்னால் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்ன ஒண்ணும் இல்லையாம்? நோய் ஒண்ணும் இல்லையா, வழி ஒண்ணும் இல்லையா?"

இதைச் சிலேடைக்காகக் கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது இன்றுதான்.

"கூறுகெட்டவனே. படத்துல எங்கயும் வெளிச்சம் இல்லையாம். மிச்ச மருந்த ஒழுங்கா முடிக்கணுமாம். டாக்டரம்மா ஒன்னயக் கேட்டாவ. கால் மரத்துட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பேரும் எந்திரிங்க. உள்ள வந்து ஒரு வணக்கமாச்சும் சொல்லுங்க."

எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப்போனதால் அல்ல. குனிந்து பார்த்தால், அப்பாவின் கையும் என் கையும் பெஞ்சின் மேல் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. என் விரல்கள் வெளுத்திருந்தன. யார் முதலில் பிடித்தது என்பதை இந்த டைரியில் எழுதப் போவதில்லை.

சரி. நான்தான்.